எச்சரிக்கை விளக்கை விசாரிப்பவர்

மோட்டார் வண்டி பழுதுபார்க்கும் தொழில் என்றால் எண்ணெய்க் கறை படிந்த பட்டறையும், தூக்கி நிறுத்திய வண்டியும், சிதறிக் கிடக்கும் ஸ்பானர்களுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் பட்டறை என்று ஒன்றை வைத்துக்கொள்ளாமல், வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேயே சென்று, அதன் கோளாறு இன்னதென்று கண்டு சொல்வதையே ஜீவனோபாயமாகக் கொண்ட ஒரு வர்க்கத்தார் இப்போது நம் நகரங்களில் தோன்றியிருக்கிறார்கள். கோயம்புத்தூரில் அத்தகைய இளைஞர் ஒருவருடன் பீளமேடு, சிங்காநல்லூர், கணபதி என்று சுற்றிவரும் சந்தர்ப்பம் எனக்குக் கிட்டியது. ஒரு மோட்டார் சைக்கிளும், முதுகில் மாட்டிய பையும், அதற்குள் ஸ்கேனர், மல்டிமீட்டர், சில கைக்கருவிகளுமே அவருடைய மூலதனம்.

பீளமேட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் சிறிய பெட்ரோல் கார் வாசலில் நின்றுகொண்டிருந்தது. இளைஞர் ஸ்கேனரை எடுக்கவே இல்லை. பையைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சாவகாசமாக விசாரிக்கத் தொடங்கினார்.

“இன்ஜின் லைட் நின்னு எரிஞ்சுதுங்களாம்மா, விட்டு விட்டு மின்னுச்சுங்களா?”

“மின்னிக்கிட்டே இருந்துச்சு தம்பி. மேடு ஏறுறப்ப வண்டி உதறுது.”

அந்த ஒரு கேள்வியில் பெரிய சூட்சுமம் அடங்கியிருந்தது. இன்ஜினின் மஞ்சள் விளக்கு நின்று எரிந்தால், நிதானமாக ஓட்டிச் சென்று சீக்கிரம் காட்டிக்கொள்ளலாம். அதே விளக்கு மின்னினாலோ, ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியேறி, சைலன்ஸர் குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, விலையுயர்ந்த அந்த உறுப்பை நாசமாக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பிறகுதான் அவர் ஸ்டீயரிங்குக்கு அடியில் குனிந்து, 16 முனைகள் கொண்ட சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார். திரையில் ‘பி 0301’ என்று வந்தது. முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்பதற்கு மேல் அந்தக் கோட் எதையும் சொல்வதில்லை. காரணம் ஸ்பார்க் பிளக்கா, இக்னிஷன் காயிலா, இன்ஜெக்டரா, வால்வா என்பதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் மனிதர். அவர் முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதிலும், மூன்றாவதன் காயிலை முதலாவதிலும் மாற்றிப் பொருத்தி, பழைய கோடை அழித்துவிட்டு வண்டியை ஓடவிட்டார். வண்டி முன்போலவே உதறியது. ஆனால் இம்முறை திரையில் தோன்றியது ‘பி 0303’. காயில் போன இடத்துக்குக் கோளாறும் கூடவே போய்விட்டது! ஒரு பாகமும் வாங்காமல், வாசற்படியில் வைத்தே, குற்றவாளி இன்னாரென்று பிரத்தியட்சமாக நிரூபிக்கப்பட்டதைக் கண்டபோது எனக்கு உண்டான ஆனந்தம் சாமான்யமானதன்று.

இந்தச் சாக்கெட்டும் இன்ஜின் விளக்கும் பிரதானமாக வண்டிக்காரரின் சௌகரியத்தை உத்தேசித்து ஏற்பட்டவை அல்ல. காற்று மாசுபட்டு அவதியுற்ற கலிபோர்னியா மாகாணத்தின் விதிகளிலிருந்து வளர்ந்து, 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் அனைத்திலும் ஒரே மாதிரியான இணைப்பும் குறியீடுகளும் கட்டாயமாயின. இந்தியாவில் 2010-இல் முதற்கட்டமாகவும் 2013-இல் விரிவான வடிவிலும் அந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. வண்டி சுகமாக ஓடிக்கொண்டிருக்கையிலேயே, வெளியேறும் புகை வரம்பு மீறக்கூடும் என்ற நிலையில் விளக்கு எரிவது இதனால்தான். “சும்மா எரியுதுங்க” என்று அலட்சியம் செய்கிறவர்கள், எரிவது ஊராரின் சுவாசத்துக்காகவும்தான் என்பதை அறிந்தால் நன்றாயிருக்கும்.

சிவப்பு விளக்கின் விஷயம் வேறு. எண்ணெய்க் கெண்டியின் உருவத்தில் எரியும் விளக்கைக் கண்டு, ஆயில் குறைந்திருக்கிறது போலும், அடுத்த பங்க்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுபவர் அநேகர். அது காட்டுவது ஆயிலின் அளவை அன்று, அழுத்தத்தை. அழுத்தம் அற்றுப்போனால் உராயும் பாகங்களுக்கிடையே எண்ணெய்ப் படலம் நிலைக்காது, சில நிமிஷங்களில் இன்ஜின் சீஸ் ஆகிவிடக்கூடும். “ரெட் எரிஞ்சா ஓரங்கட்டி ஆஃப் பண்ணிருங்க, அப்புறமா எனக்குப் போன் பண்ணுங்க” என்று தம் வாடிக்கையாளர் எல்லோரிடமும் அவர் சொல்லி வைத்திருக்கிறார்.

சிங்காநல்லூரில் பார்த்த வண்டி ஏற்கெனவே ஒரு பட்டறைக்குப் போய், ஆக்சிஜன் சென்சார் புதிதாக மாற்றப்பட்டு, ஆயிரக்கணக்கில் செலவாகியும் விளக்கு அணையாமல் வந்திருந்தது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது கோட். இளைஞர் கோடை விட்டுவிட்டு, ஓடும் இன்ஜினின் அளவுகளைத் திரையில் கவனித்தார். ஐட்லிங்கில் கம்ப்யூட்டர் 25 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் கொடுத்துச் சமாளித்துக்கொண்டிருந்தது. வேகத்தை 2,500 சுற்றுக்கு உயர்த்தியதும் அது 6 சதவீதமாக இறங்கியது. அளக்கும் சென்சாருக்குத் தெரியாமல் எங்கேயோ காற்று கசிகிறது, இன்ஜின் மெல்லச் சுழலும்போது அக்கசிவின் பங்கு பெரிதாகவும், விரைந்து இழுக்கும்போது அற்பமாகவும் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அவர் பானெட்டுக்குள் காதைச் சாய்த்து, விரலால் ஒவ்வொரு ரப்பர் குழாயாகத் தடவிக்கொண்டே போனார்; மடிப்பில் வெடித்திருந்த ஒன்றை இறுக்கிப் பிடித்த கணமே இன்ஜினின் குரல் மாறியது, திரையிலிருந்த எண்ணும் விழத் தொடங்கியது. அந்தக் குழாயை மாற்றிவிட்டுத் தம் கூலியைச் சொன்னார்.

“ஒரு டியூப்தானே மாத்துனீங்க, இதுக்கா இவ்வளவு?” என்றார் வண்டிக்காரர்.

அவர் கெட்ட மனிதர் அல்லர். ஆனால் தேவையில்லாத சென்சாருக்கு, அது பெட்டியில் வந்தது என்பதனால், முணுமுணுக்காமல் பணம் கொடுத்தவர், உண்மையைக் கண்டுபிடித்த ஒரு மணி நேரத்துக்குப் பேரம் பேசினார். பேசியதைவிடக் குறைவாகவே இளைஞர் பெற்றுக்கொண்டார். இது அநியாயம் என்பதே என் திடமான அபிப்பிராயம். பாகத்துக்கு விலையுண்டு, அறிவுக்கு இல்லை என்ற இந்த வழக்கம் நீடித்தால், ஆராயாமல் பாகங்களை மாற்றித் தள்ளுகிறவனே பிழைப்பான்.

கோடை அழித்து விளக்கை அணைத்துக் கொடுத்தால் போதும் என்று கேட்டு வரும் புரோக்கர்களும் உண்டு, இவர் இணங்குவதில்லை. அழித்தவுடன் வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகளின் பதிவும் அழிந்து, மறுபடி பலவிதமாக ஓட்டினாலன்றிப் பூர்த்தியாவதில்லை. கணபதியில் பழைய கார் வாங்க வந்த ஒரு குடும்பத்துக்காக அவர் முதலில் பார்த்தது அதைத்தான். கோட் ஒன்றும் இல்லை. சோதனைகள் பெரும்பாலும் முடியாமல் கிடந்தன.

“சமீபத்துல யாரோ அழிச்சிருக்காங்கண்ணா. பேட்டரி கழட்டியிருந்தாலும் இப்படித்தான் காட்டும். எதுக்கும் ஒரு வாரம் ஓடட்டும், மறுபடி பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.”

விற்பவர் முகம் சுளித்தார். வாங்க வந்தவர் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, சோதித்துச் சொன்னதற்கான கூலியைப் பேரமின்றி எண்ணிக் கொடுத்தார்.