ஏபிஎஸ் இல்லாத பழைய காரும் ஐஸ் ரோடும்

கனடாவுக்குப் படிக்கப் போன பையன் ஒருவன் கார் வாங்குகிறான் என்றால் அது பெரும்பாலும் பழைய காராகத்தான் இருக்கும். வீடு ஸ்கார்பரோவில் ஒரு மூலை, காலேஜ் இன்னொரு மூலை, பகுதிநேர வேலை மூன்றாவது மூலை. ராத்திரி ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் பஸ் குறைந்துவிடும். நாலு பேர் காசு போட்டு இருபது வருஷம் ஓடிய ஒரு சின்ன காரை வாங்குவார்கள். ஹீட்டர் ஓடுகிறதா, பாட்டு பாடுகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். ஏபிஎஸ் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றாது. வாங்குவது மே மாதமாக இருந்தால் சுத்தமாகத் தோன்றாது.

ஏபிஎஸ் ஒன்றும் நேற்று வந்த விஷயம் இல்லை. போஷ் நிறுவனத்தின் எலக்ட்ரானிக் ஏபிஎஸ் 1978-லேயே மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் வந்துவிட்டது. ஆனால் விலை குறைந்த கார்களில் ரொம்ப வருஷம் அது தனியாகக் காசு கொடுத்துச் சேர்க்கிற சமாச்சாரமாகவே இருந்தது. சறுக்கலைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி கனடாவில் 2011 செப்டம்பரிலிருந்து தயாரான புதுக் கார்களில் கட்டாயமானது. அதற்குக் கீழே வேலை செய்வது ஏபிஎஸ்தான் என்பதால் அதுவும் கூடவே வந்துவிட்டது. அதற்கு முந்தைய கார் என்றால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இருந்தும் இல்லாத கார்கள் வேறு உண்டு. குளிர்காலம் முழுக்க ரோட்டில் கொட்டுகிற உப்பு, சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஏபிஎஸ் சென்சாரையும் அதன் வளையத்தையும் துருப்பிடிக்க வைக்கும். டேஷ்போர்டில் மஞ்சளாக ஏபிஎஸ் விளக்கு எரியும். சாதாரண பிரேக் வேலை செய்துகொண்டே இருப்பதால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அந்த விளக்கு எரிகிற வரைக்கும் அது ஏபிஎஸ் இல்லாத கார்தான்.

சரி, ஏபிஎஸ் இல்லை என்றால் என்ன ஆகும்?

ஊரில் பைக் ஓட்டியவர்களுக்கு இது பாதி தெரிந்த கதை. முதல் மழை பெய்த ரோட்டில் பின் பிரேக்கைப் பதறி மிதித்தால் சக்கரம் சுற்றுவது நின்றுவிடும், வண்டி நிற்காது. வால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். காரில் முன் சக்கரங்களுக்கே இது நடந்தால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் நேராகத்தான் போகும். சுற்றுகிற சக்கரம்தான் திரும்பும். சுற்றாத சக்கரம் வெறும் ரப்பர் கட்டை.

காமர்ஸ் படிப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், டயரிடம் இருப்பது ஒரே ஒரு பட்ஜெட். அதன் பெயர் பிடிப்பு. பிரேக்குக்கும் அதிலிருந்துதான் செலவு, வளைவதற்கும் அதிலிருந்துதான். காய்ந்த தார் ரோட்டில் கை நிறையக் காசு, கொஞ்சம் ஊதாரித்தனம் செய்தாலும் தெரியாது. ஐஸில் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்குதான் கையில் இருக்கும். முழுவதையும் பிரேக்கில் போட்டுவிட்டால் திரும்புவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. ஏபிஎஸ் என்பது விநாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் இந்தக் கணக்கைப் பார்க்கிற ஒரு கணக்குப்பிள்ளை. அவர் இல்லாத காரில் கணக்கை ஓட்டுபவரின் கால்தான் பார்க்க வேண்டும்.

கொஞ்சம் எண்களைப் பார்த்தால் விஷயத்தின் தீவிரம் புரியும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார், பிரேக் பிடித்த இடத்திலிருந்து காய்ந்த ரோட்டில் சுமார் 14 மீட்டரில் நின்றுவிடும். இறுகிய பனியில் 40 மீட்டர் பக்கம் ஆகும். ஐஸில் கிட்டத்தட்ட 100 மீட்டர்! கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஓடிவிடுகிற 20 மீட்டர் தனி. அதே ஐஸில் 30 கிலோமீட்டர் வேகம் என்றால் 35 மீட்டர் போதும். வேகத்தைப் பாதிகூடக் குறைக்கவில்லை, தூரம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப நிற்கும் தூரம் கூடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இங்கேதான் உதவுகிறது.

ஆக, சிவப்பு விளக்கு எரிந்த பிறகு கால் என்ன செய்கிறது என்பது இரண்டாவது விஷயம். நூறு மீட்டருக்கு முன்னால் கார் என்ன வேகத்தில் வந்தது என்பதுதான் முதல் விஷயம்.

அந்த இரண்டாவது விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். பிரேக்கை ஒரேயடியாக மிதிக்கக் கூடாது. சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிற எல்லை வரைக்கும் மெல்ல அழுத்த வேண்டும். பூட்டிக்கொண்டது எப்படித் தெரியும்? ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும், டயர் உருளுகிற சத்தம் நின்று ஒரு வழுக்கல் அமைதி வரும். உடனே காலைக் கொஞ்சம் தளர்த்தி, சக்கரம் சுற்றத் தொடங்கியதும் மறுபடி அழுத்த வேண்டும். நிற்க இடம் போதாது என்று தெரிந்தால் பிரேக்கை விட்டுவிட்டு விலகிப் போகப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் டயர் கொடுக்காது.

ஒரு சின்ன ஆபத்து இதில் ஒளிந்திருக்கிறது. சக்கரம் பூட்டியிருக்கும்போது பயத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்திருப்பார்கள். அப்படியே பிரேக்கை விட்டால் சக்கரத்துக்குச் சட்டென்று உயிர் வந்து, கார் அந்தப் பக்கம் பாய்ந்துவிடும். எதிரே வருகிற லாரியின் பக்கமாகவும் அது இருக்கலாம். அதனால் பிரேக்கை விடும் முன் ஸ்டியரிங் போக வேண்டிய திசையை நோக்கி, அளவாக இருக்க வேண்டும்.

பின்பக்கம் சறுக்கினால் எந்தப் பக்கம் சறுக்குகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புவது, கண்ணைக் கம்பத்தின் மேல் வைக்காமல் போக வேண்டிய இடத்தின் மேல் வைப்பது, ஐஸில் க்ரூஸ் கண்ட்ரோலைத் தொடாமல் இருப்பது, இதெல்லாம் படித்தால் வராது. பனி பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அனுமதியோடு ஒரு காலி பார்க்கிங் இடத்தில், 20 கிலோமீட்டர் வேகத்தில் வேண்டுமென்றே சக்கரத்தைப் பூட்டிப் பார்த்தால் அரை மணி நேரத்தில் கால் கற்றுக்கொள்ளும். ஒண்டாரியோவில் ஜூலை மாத வெயிலில் ஜி2 டெஸ்ட் பாஸ் செய்தவர் ஒரு ஐஸ் துண்டைக்கூட ரோட்டில் பார்க்காமல் லைசென்ஸ் வாங்கிவிட முடியும் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த அரை மணியின் அருமை தெரியும்.

இன்னொன்று. குளிர் அதிகமானால் ஆபத்தும் அதிகம் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். உண்மையில் மைனஸ் இருபதில் இருக்கிற ஐஸைவிட, பூஜ்ஜியத்தை ஒட்டி, மேலே ஈரம் கசிகிற ஐஸ்தான் அதிகம் வழுக்கும். தார் நிறமே தெரிகிற பிளாக் ஐஸ், ரோடு நனைந்திருக்கிறது என்றுதான் நினைக்க வைக்கும். பாலங்கள் மேலும் கீழும் காற்றுக்கு வெப்பத்தை இழப்பதால் மற்ற ரோட்டுக்கு முன்பே உறைந்துவிடும். மைனஸ் பத்துக்குக் கீழே போனால் சாதாரண உப்பும் சரியாக வேலை செய்யாது.

டயர் விஷயத்துக்கு வந்தால், ஆல் சீசன் டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே விறைக்க ஆரம்பிக்கும். வின்டர் டயர் குளிரிலும் மெத்தென்று இருக்கும். கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் இது சட்டம். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கே பதிவான கார்களுக்கு வின்டர் டயர் கட்டாயம். ஒண்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரியிலிருந்து அங்குள்ள இன்சூரன்ஸ் நிறுவனங்கள் வின்டர் டயருக்குத் தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டும். முன்னால் இரண்டு மட்டும் மாட்டிக் காசு மிச்சம் பிடிப்பது தப்புக் கணக்கு. முன்பக்கம் பிடித்து நிற்க, பின்பக்கம் சுற்றிக்கொண்டு வந்துவிடும்.

ஏபிஎஸ் இருந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? 1980-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் மியூனிக்கில் ஒரு டாக்சி நிறுவனத்தின் கார்களை மூன்று வருஷம் கவனித்தார்கள். ஒரே மாதிரி கார்கள், பாதிக்கு ஏபிஎஸ் உண்டு, பாதிக்கு இல்லை. விபத்துக் கணக்கில் பெரிய வித்தியாசமே வரவில்லை. பயணிகள் மாதிரி ஏறிக் கவனித்தவர்கள் காரணத்தைப் பார்த்தார்கள். ஏபிஎஸ் இருந்த டிரைவர்கள் வளைவில் வேகமாகத் திரும்பினார்கள், முன்னால் போகும் வண்டியை நெருக்கி ஓட்டினார்கள். கிடைத்த பாதுகாப்பை அவசரத்துக்குச் செலவழித்துவிட்டார்கள். கனடாவின் க்வீன்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜெரால்ட் வைல்ட் என்ற உளவியலாளர் இதைத் தன் கொள்கைக்கு முக்கியமான உதாரணமாக எடுத்துக்கொண்டார். மனிதன் தனக்குச் சம்மதமான அளவு ஆபத்தை மனதில் வைத்திருக்கிறான், ஒரு பக்கம் குறைந்தால் இன்னொரு பக்கம் கூட்டிக்கொள்கிறான் என்பது அவர் வாதம்.

அதற்காக ஏபிஎஸ் வேண்டாம் என்று ஆகாது. இடறும்போது ஸ்டியரிங் கையில் இருப்பது பெரிய விஷயம். ஆனால் பழைய கார் ஓட்டுபவனுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. முன்னால் போகிறவனின் வேகம் அவனுடைய டயருக்கும் பிரேக்குக்கும் ஏற்ற வேகம். அதை அப்படியே காப்பியடிக்கக் கூடாது. அவன் விடுகிற இடைவெளியைவிட இவன் அதிகம் விட வேண்டும். நடுவில் யாராவது புகுந்தால் புகுந்துவிட்டுப் போகட்டும், மறுபடி இடைவெளி விட வேண்டியதுதான்.

கடைசியாக ஒரு முடிவு எப்போதும் கையில் இருக்கிறது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது. மழை விழுந்த இடத்திலேயே உறைகிற நாளில், 2013 டிசம்பரில் டொராண்டோவையே இருட்டாக்கிய மாதிரியான நாளில், வின்டர் டயரே சமாளிக்க முடியாமல் திணறும். அன்றைக்கு ஷிஃப்டுக்கு வர முடியாது என்று ஃபோன் செய்தால் ஒரு நாள் சம்பளம் போகும், சூப்பர்வைசர் முகம் சுளிப்பார், அடுத்த வாரம் மணி நேரத்தைக் குறைத்தாலும் குறைப்பார். வாடகைக்கு அந்தக் காசு தேவைதான். ஆனால் அந்தக் காரில் ஏறப்போவது நாலு பேர். நாலு வீட்டிலும் ஊரில் ராத்திரி விழித்திருந்து ஃபோனுக்குக் காத்திருக்கிற ஒரு அம்மா இருக்கிறார். ஃபோனை எடுத்துச் சொல்லிவிடுவதுதான் சரி.

பின்குறிப்பு: டிக்கியில் ஒரு சின்ன மண்வெட்டி, ஒரு மூட்டை மணல், கம்பளி, டார்ச் இருக்கட்டும். சக்கரம் ஐஸில் வெறுமனே சுற்றினால் மணலைத் தூவலாம். பனியில் மாட்டிக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்க நேர்ந்தால், முதலில் இறங்கிப் போய்ப் புகைக்குழாயை அடைத்திருக்கும் பனியை வழித்துவிட வேண்டும். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு காருக்குள்ளே வரும். அதற்கு வாசனையே கிடையாது.