நாம் எந்த அணி?

மத்திய அரசு எழுத்தர் பணியின் பொருட்டுப் பெங்களூருவில் குடியேறிய நாம், 2018 மார்ச் 17 அன்று கண்டீரவா விளையாட்டரங்கினுள் அயலூர் அணியின் அன்பராகவே நுழைந்தோம். இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தின் இறுதி ஆட்டம்; பெங்களூரு அணியும் சென்னை அணியும் மோதின. நம் நெஞ்சம் சென்னையின் பக்கம். உடன் வந்த பத்து வயது மகனோ இம்மண்ணில் பிறந்தவன்; அவன் கையில் பெங்களூரு அணியின் கொடி.

ஒன்பதாம் நிமிடத்தில் சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டிக் கோல் போட்டார். அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது, மகனும் துள்ளினான். பின்னர் சென்னையின் மெயில்சன் ஆல்வ்ஸ் தலையாலேயே இரு கோல்கள் போட்டார். 67ஆம் நிமிடத்தில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதை அடித்தார். மும்முறையும் எழத் துடித்த கால்களை அடக்கிக்கொண்டோம். 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரம் மூண்டபோது, பேருந்தில் தாய்மொழியை விழுங்கிக்கொண்டு பயணம் செய்தவரல்லவா நாம்! அவ்வச்சம் அகலவில்லை.

இறுதி நொடிகளில் மிக்கு ஒரு கோலைத் திருப்பினார். எனினும் 3-2 என்ற கணக்கில் கோப்பை சென்னைக்குச் சென்றது. மகன் விம்மினான்.

"அப்பா, நாம தோத்துட்டோமே!"

கூட்டத்தின் நடுவே, உரத்த குரலில், தமிழில்! எவரும் முறைக்கவில்லை. அருகிருந்த கன்னடப் பெரியவர் அவன் தலையைத் தடவிக் கொடுத்தார்.

'நாங்க' என்று அவன் நம்மை விலக்கிச் சொல்லியிருக்கலாம். கேட்பவரையும் உள்ளடக்கும் 'நாம' அல்லவா அவன் வாயில் வந்தது! வென்ற மகிழ்ச்சியை ஒளித்துக்கொண்டு, "ஆமாம்பா" என்றோம். அது முழுப் பொய்யன்று.