குடம் ஒட்டியது, கைப்பிடி ஒட்டவில்லை

போன கோடை விடுமுறையில் நான் திட்டு வாங்காமல் தப்பித்த கதை இது. படித்துவிட்டு யாரும் சிரிக்கக் கூடாது.

எங்கள் தெருக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். அன்று பார்த்து பச்சைக் குடத்தின் அடியில் விரிசல். பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னபடி பழைய கத்தியை அடுப்பில் காய்ச்சி, உடைந்த குடத் துண்டு ஒன்றை விரிசல் மேல் வைத்துத் தேய்த்தேன். அப்படியே இளகி ஒட்டிக்கொண்டது. ஒரு சொட்டு ஒழுகவில்லை! "எம் புள்ள புதுக் குடத்துக் காச மிச்சம் பண்ணிட்டான்" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தெம்பில், விரிசல் விட்டிருந்த குக்கர் கைப்பிடியிலும் கை வைத்தேன். அதுவும் பிளாஸ்டிக்தானே? கத்தி பழுக்கக் காய்ந்தும் அது இளகவே இல்லை. நெடி அடித்தது, கரிந்தது, பொடியாக உதிர்ந்தது. கம்பியைச் சுற்றி வைத்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் அம்மா குக்கரைத் தூக்கும்போது கைப்பிடி கழன்று, சுடுகஞ்சி காலில் கொட்டிவிட்டது. கொப்புளம் ஆற இரண்டு வாரம் ஆனது. அப்பா கேட்டதற்கு "கை தவறிடுச்சு" என்றார்கள் அம்மா. நான் வாயைத் திறக்கவில்லை.

பள்ளி திறந்தபின் பலபடி பாடம் நடந்தபோதுதான் விஷயம் புரிந்தது. குடம் பாலித்தீன். அதில் நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் சேவை போலத் தனித்தனியாகக் கிடக்கும். சூடு பட்டால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், ஆறினால் இறுகும். கைப்பிடியோ பேக்லைட். 1907-ல் பேக்லேண்ட் என்பவர் பீனாலையும் பார்மால்டிஹைடையும் சேர்த்துச் செய்தது. அதில் சங்கிலிகள் மீன்வலை மாதிரி முடிச்சுப் போட்டுக் கிடக்கும். வழுக்க இடமே இல்லை. மேலும் மேலும் சுட்டால் முடிச்சே அறுந்து கரியாகிவிடும். அடுப்படியில் இளகாது என்றுதானே அதைக் கைப்பிடிக்கு வைத்தார்கள்! அதை இளக்கப் பார்த்த என்னை என்ன சொல்ல?

சைக்கிள் டியூப் ரப்பர் இரண்டுக்கும் நடுவில். கந்தகம் போட்ட முடிச்சு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பதால், இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும்.

இன்னொரு ஆச்சரியம். குடத்தின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருந்தது. கசங்கும் பாலித்தீன் பைகளுக்கு 4. இரண்டும் பாலித்தீன்தான்! 4-ல் சங்கிலிகள் கிளை விட்டிருக்கும். சீமைக்கருவேல முள்ளைக் கட்டுக் கட்டிப் பாருங்கள், பாதி காற்றுதான் இருக்கும். அதனால் அது மெத்தென்று வளையும். 2-ல் கிளை குறைவு. சவுக்குக் கழிகளை அடுக்கியது போல நெருக்கமாக இருப்பதால் குடம் விறைப்பாக நிற்கிறது. முதலில் 1933-ல் இங்கிலாந்தில் மிக அதிக அழுத்தத்தில் கிடைத்தது கிளை விட்ட வகை. 1953-ல் ஜெர்மனியில் கார்ல் சீக்லர் வினையூக்கி ஒன்றைக் கண்டுபிடித்து, குறைந்த அழுத்தத்திலேயே நேரான வகையைச் செய்தார். அதற்காக 1963-ல் நோபல் பரிசும் பெற்றார்.

போன வாரம் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "கம்பி சுத்தியிருந்தத அன்னிக்கே பாத்துட்டேன்டா" என்றார்கள்.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. பெற்றோர் கூட்டத்துக்கு முன்பே இந்தத் தாளை மாற்றிவிடும்படி ஆசிரியர் குழுவைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

– 10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு