மாக்சிக்கின் சின்னச் சட்டி

நான் ஓ.எல். சோதனையோடு படிப்பு நின்றுபோனவன். ஸ்காபரோவில் பொதி கட்டும் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை செய்கிறேன். எழுதிப் பழக்கம் இல்லை. ஆனாலும் இங்கே புதிதாக வந்திறங்கியிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு கோழிக்கறியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று கன நாளாக மனதில் கிடக்கிறது.

இது எங்கள் ஊர்க்கறி இல்லை, மலாய்க்காரரின் கறி. 2013 முதல் 2017 வரை மலேசியாவில் ஐ.நா. அகதி அட்டையோடு இருந்தேன். 1951 ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் அந்த நாடு சேரவில்லை. ஆகவே எங்களுக்குச் சட்டப்படி வேலை செய்ய உரிமை இருக்கவில்லை. கிள்ளானில் ஒரு தெருவோரச் சோற்றுக்கடையில் கோப்பை கழுவினேன். கடைக்காரி ஐம்பது வயது கடந்த மலாய் அம்மா. எல்லோரும் 'மாக்சிக்' என்று கூப்பிடுவார்கள், நாங்கள் மாமி என்பதுபோல. அவர் என்னைத் 'தம்பி' என்பார். நான் வெள்ளிக்கிழமைகளில் மச்சம் சாப்பிடுவதில்லை என்று தெரிந்து, அன்றைக்கு மட்டும் முட்டை பொரித்து வைப்பார். முட்டையும் எங்களுக்கு மச்சம்தான் என்று கடைசிவரை நான் அவருக்குச் சொல்லவில்லை. கூட வேலை செய்த மியன்மார்ப் பெடியனுக்கு வெள்ளிக்கிழமை என்றால் கொண்டாட்டம்.

கறுவா, ஏலம், கராம்பு, நட்சத்திரச் சோம்பு ஆகிய நான்கையும் மலாய்க்காரர் 'நான்கு உடன்பிறப்புகள்' என்பார்கள். மாக்சிக் அவற்றை எண்ணெயில் போட்டு, அரைத்த வெங்காயமும் காய்ந்த மிளகாயும் கறித்தூளும் சேர்த்து, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கிண்டுவார். பிறகு கோழி. கடைசியில் கட்டியான தேங்காய்ப்பால். அந்தப் பாலை ஊற்றுவதற்கு முன் தினமும் ஒரு காரியம் செய்வார். தோல் உரித்த மூன்று துண்டை ஒரு சின்னச் சட்டிக்கு மாற்றி, தண்ணீர் விட்டு வேறாகக் கொதிக்க வைப்பார். அதுதான் அவருடைய சாப்பாடு. சோறு ஒரு பிடி, மிச்சக் கோப்பை முழுக்கப் பச்சை இலை.

நல்லதை விற்றுவிட்டுத் தான் இப்படிச் சாப்பிடுகிறாரே, என்ன கஞ்சத்தனம் என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டும் விட்டேன். சிரித்துக்கொண்டு 'கெஞ்சிங் மானிஸ்' என்றார். இனிப்பு மூத்திரம் என்று அர்த்தம். எங்கள் சலரோகம்தான். எனக்கு அப்போது 22 வயது. சொல் விளங்கியது, அவ்வளவுதான்.

கனடாவுக்கு வந்தபின் நடந்தது உங்களுக்கும் தெரிந்த கதையாக இருக்கும். கோழி மலிவு. தேங்காய்ப்பால் ரின்னில் கிடைக்கிறது. இரவு இரண்டு மணிக்கு ஒரு பெட்டிச் சோறு, காலையில் வீட்டுக்கு வந்து இன்னொரு கோப்பை, உடனே படுக்கை. 2009 இல் வன்னியில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவனுக்குக் கோப்பையில் மிச்சம் விட மனம் வராது. ஐந்து வருடத்தில் 14 கிலோ ஏறினேன்.

போன வருடம் குடும்ப டொக்டர் இரத்தம் சோதித்தார். மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் அளவு 6.3. இங்கே 6.5 வந்தால் சலரோகம், 6.0 இலிருந்து 6.4 வரை அதற்கு முந்திய நிலை. அப்பாவின் கால் ஞாபகம் வந்தது. அவருக்குச் சலரோகம். 2009 இல் காலில் வந்த புண்ணுக்கு மருந்து கிடைக்கவில்லை. முகாமுக்கு எங்களோடு அவர் வரவில்லை. இதை டொக்டருக்குச் சொல்ல என்னிடம் இங்கிலிஷ் இருக்கவில்லை. நீங்கள் அப்படி விடாதீர்கள். தாய் தகப்பனுக்கு இருந்தால் அதை அவர்கள் தெரிந்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

முதலில் தேங்காய்ப்பாலை அடியோடு விட்டுச் சமைத்தேன். காய்ச்சல்காரருக்குக் கொடுக்கிற ரசம் என்றா மனைவி. அடுத்த கிழமை தயிர் விட்டேன், திரைந்து போனது. யாழ்ப்பாணத் தூள் போட்டால் அது எங்கள் கறியாகவே மாறிவிடுகிறது. பிறகுதான் அந்தச் சின்னச் சட்டி நினைவுக்கு வந்தது.

நாலு பேருக்குச் சொல்கிறேன். ஒரு கிலோ கோழியைத் தோல் உரித்து, மஞ்சள் நிறக் கொழுப்பையும் வெட்டி எறியுங்கள். சின்ன வெங்காயம் பத்து, உள்ளி ஐந்து பல், ஒரு துண்டு இஞ்சி, ஊறவைத்த காய்ந்த மிளகாய் எட்டு, எல்லாவற்றையும் அரைக்க வேண்டும். மலேசியக் கறித்தூள் மூன்று மேசைக்கரண்டி எடுத்துத் தண்ணீரில் குழையுங்கள். ஒட்டாத தாச்சியில் எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி போதும். மாக்சிக் ஒரு கோப்பை விடுவார். உடன்பிறப்புகள் நால்வரோடு கறிவேப்பிலை, ரம்பை, நசுக்கிய எலுமிச்சைப்புல் ஒரு தண்டு. பிறகு அரைத்தது, குழைத்த தூள். எண்ணெய் குறைவு என்பதால் அடிப்பிடிக்கும். அப்போது எண்ணெய்ப் போத்தலைத் தொடாமல் ஒரு கரண்டி தண்ணீர் தெளியுங்கள். மெல்லிய நெருப்பில் பதினைந்து நிமிடம், பச்சை மணம் போகும்வரை. இந்த இடத்தில் அவசரப்பட்டால் கறி கெட்டது. கோழி, ஒரு உருளைக்கிழங்கு, ஒரு தக்காளி, உப்பு, இரண்டு கோப்பை தண்ணீர் போட்டு அவியவிட்டு, கடைசியில் 100 மில்லி லீற்றர் தேங்காய்ப்பால் மட்டும். கொதிக்க விடாமல் கலக்கி இறக்குங்கள். கடைசியில் விடுவதால் கொஞ்சப் பாலே மணக்கும். 400 மில்லி லீற்றர் ரின்னில் மிஞ்சுவதை ஐஸ்கட்டித் தட்டில் ஊற்றிப் பிறீசரில் வையுங்கள். இல்லாவிட்டால் வீணாகிறதே என்று முழுவதையும் ஊற்றிவிடுவோம்.

இவ்வளவும் செய்து பெருமையோடு உணவு ஆலோசகரிடம் போனேன். அவர் கறியைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. எவ்வளவு சோறு என்றார். ஒரு கோப்பை என்றேன். அளவுக் கோப்பை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். என் கோப்பை அதில் மூன்று! கொழுப்பு உடம்பையும் நெஞ்சையும் பார்க்கும், இரத்தத்தில் சீனியை ஏற்றுவது சோறுதான் என்று விளக்கினார். கோப்பையில் பாதி மரக்கறி, கால்வாசி இறைச்சி, கால்வாசி சோறு என்று படம் கீறிக் காட்டினார். நான் பார்த்தது மாக்சிக்கின் கோப்பையை.

அந்தப் பச்சை இலைகளை மலாயில் 'உலாம்' என்பார்கள். அதில் அவர்கள் 'பெகாகா' என்பது எங்கள் வல்லாரைதான். இங்கே தமிழ்க்கடையில் கட்டாக வாங்கலாம். வல்லாரைச் சம்பல், வெள்ளரிக்காய், அவித்த கோவா, அதற்குப் பக்கத்தில் கறியும் ஒரு அளவுக் கோப்பைச் சிவப்பரிசிச் சோறும். முதல் இரண்டு கிழமை இரவு வேலையில் பசித்தது. பொய் சொல்ல மாட்டேன். பிறகு பழகிவிட்டது. ஆறு மாதத்தில் 5 கிலோ இறங்கியிருக்கிறது. அடுத்த இரத்தப் பரிசோதனை வருகிற மாதம்.

போன ஞாயிறு மாக்சிக்குக்கு வீடியோ அழைப்பு எடுத்துச் சட்டியைக் காட்டினேன். நிறம் சரி என்றார். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "தம்பி, உலாம் எங்கே?" என்று கேட்டார். கோப்பையைத் தூக்கிக் காட்டினேன்.