பட்டணத்தில் இரண்டு நாள்

வார இறுதி என்பது வாசக அன்பர்களுக்கு ஓய்வு நாள். எம்மைப் போன்ற பங்குக் குருக்களுக்கோ அதுவே வேலை நாள். சனி மாலை பாவசங்கீர்த்தனம், ஞாயிறு காலையில் இரண்டு பூசைகள், கிளைக் கிராமத்தில் ஒன்று, மறைக்கல்வி, இடையில் கலியாண ஓலை வாசிப்பு. ஆகவே, குடும்பத்தாரோடு சனி ஞாயிறு சேர்த்து ஊர் சுற்றி வந்தோம் என்று நாம் எழுதினால், எம் பங்கு மக்களே நம்பத் தயங்குவார்கள். ஆயினும் 2024-ஆம் ஆண்டு ஐப்பசியில் அது நடந்தது. அண்டைப் பங்கின் இளங்குரு ஒருவர் மனமுவந்து எம் பூசைகளை ஏற்றுக்கொண்டார். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். கடனைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

எம் தம்பி இலால்குடிக்கு அருகே எங்கள் சொந்தச் சிற்றூரில் பயிர் செய்கிறான். அவன் மகன் கல்லூரியில் வணிகவியல் முதலாண்டு. மகள் ஒன்பதாம் வகுப்பு. இருவரும் சென்னையைக் கண்டதில்லை. மெட்ரோ ரயில், கடற்கரை, தியாகராய நகர் என்று ஓயாமல் நச்சரித்ததால், அக்டோபர் கடைசி வாரம் போவதென்று முடிவாயிற்று. ‘பெரியப்பாவும் வரவேண்டும்’ என்றாள் சிறுமி. சரி என்றோம். அப்போதுதான், திண்ணையில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த எம் தாயார், “நானும் வர்றேன்” என்றார்கள்.

வீடே வாயடைத்துப் போயிற்று. அம்மாவுக்கு வயது 77. நாற்பத்தோர் ஆண்டுகளாக அந்த நகரின் பெயரைக் கேட்டாலே எழுந்து உள்ளே போய்விடுகிறவர்கள் அவர்கள். உறவில் எத்தனையோ திருமணங்கள் அங்கே நடந்தன, போகவில்லை. 1986-இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் சென்னைக்கு வந்தபோது, ஊரே வண்டி கட்டிப் புறப்பட்டது, அப்போதும் போகவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். 1983 அக்டோபரில் எம் தந்தையார் அங்குள்ள ஒரு பெரிய மருத்துவமனையில் 19 நாள் கிடந்து இறந்தார். அதனால் யாரும் அவர்களை வற்புறுத்தியதில்லை. ஏன் இப்போது மட்டும் என்று நாமும் கேட்கவில்லை. வருகிறேன் என்றதே போதும் என்று பயணச்சீட்டு எடுத்தோம்.

இந்தப் பருவத்தை ‘இலையுதிர் காலம்’ என்று பாடநூல் சொல்கிறதே, நம் ஊரில் எந்த மரம் இலை உதிர்க்கிறது என்று கேட்டாள் தம்பி மகள். நல்ல கேள்வி. நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் காலம் என்றே வகுத்தார்கள். நமக்கு அது இலை உதிரும் காலமன்று. வானம் இறங்கும் காலம். சென்னைவாசிகளுக்கோ அது அச்சம் பிறக்கும் காலம். 2015-ஆம் ஆண்டின் வெள்ளத்தை அவர்கள் மறக்கவில்லை. நாங்கள் போவதற்குப் பத்து நாள் முன்னர், பெருமழை எச்சரிக்கை கேட்டதுமே வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

வெள்ளி இரவு திருச்சியில் மலைக்கோட்டை விரைவு வண்டி ஏறினோம். வண்டி புறப்பட்டதும் தம்பி மகன் எம் அருகே வந்து, “பெரியப்பா, அப்பாயி போன மாதம் என்னிடம் ஒரு கணக்குப் போடச் சொன்னார்கள். நாற்பது ரூபாய்க்கு, நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி, வட்டிக்கு வட்டி, நாற்பத்தொரு வருடம். 4,168 ரூபாய் வந்தது. எதற்கென்று கேட்டால் சொல்லவில்லை” என்றான். முதுமையில் இப்படி ஏதேனும் மனக்கணக்கு ஓடும் என்று நாம் சிரித்துவிட்டுப் படுத்துவிட்டோம்.

சனிக்கிழமையைப் பிள்ளைகளுக்கென்று விட்டுவிட்டோம். பெரம்பூரில் தம்பி மனைவியின் தமக்கை வீட்டில் குளித்து, எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1851-இல் தொடங்கியது அது. செப்புத் திருமேனிகளின் கூடத்தில் நாம் ஒரு மணி நேரம் நின்றோம். பிள்ளைகள் பத்து நிமிடம் நின்றார்கள். மெட்ரோவில் நகரும் படிக்கட்டைக் கண்டு அம்மா பின்வாங்கினார்கள். ஒரு காவலர் வந்து கையைப் பிடித்து ஏற்றிவிட, மேலே சென்றதும் இன்னொரு முறை ஏற வேண்டும் என்றார்கள்! தியாகராய நகரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது என்றால் அன்பர்களுக்கே விளங்கும். மாலையில் மெரினா. அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கணுக்கால் நனைய வெகுநேரம் நின்றார்கள். ஒரு விரலால் நீரைத் தொட்டு நாவில் வைத்துப் பார்த்தார்கள். “பத்தொம்பது நாள் இந்த ஊர்ல இருந்தேன். கடல் எந்தத் திக்குன்னுகூடத் தெரியாது” என்றார்கள். அதற்குமேல் பேசவில்லை.

ஞாயிறு காலை சாந்தோம் பேராலயத்தில் கூட்டுத் திருப்பலி நிறைவேற்றும் பேறு எமக்குக் கிட்டியது. இப்போதுள்ள கோதிக் பாணிக் கோயில் 1896-இல் எழுந்தது. அடியில் புனித தோமையாரின் கல்லறைச் சிற்றாலயம். அம்மா அங்கே முழந்தாளிட்டுச் செபமாலை முடித்து எழுந்தார்கள். பிறகு புனித தோமையார் மலைக்குப் போவதாகத் திட்டம், ஆட்டோவும் பேசியாயிற்று. அம்மா எம் அங்கியைப் பற்றி இழுத்தார்கள். “சாமி, எனக்கு ஓர் எடத்துக்குப் போவணும்.”

எமக்குக் குருப்பட்டம் ஆனது 1997-இல். அன்று முதல் எம் தாயார் எம்மைச் ‘சாமி’ என்றே அழைக்கிறார்கள். ‘நீங்கள்’ என்றே பேசுகிறார்கள். வேண்டாமென்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தோம், கேட்டதில்லை.

பிள்ளைகளைத் தம்பியோடு மலைக்கு அனுப்பிவிட்டு, நாமும் அம்மாவும் தம்பி மனைவியுமாக அந்த மருத்துவமனைக்குப் போனோம். சிறு தூறல். ஞாயிறாயினும் வாயிலில் கூட்டம் குறையவில்லை. வயர்க்கூடை, பாய், வெந்நீர்க் குடுவை, பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டிய மருத்துவச் சீட்டுகள். அம்மா ஒருவரிடமும் வழி கேட்கவில்லை. மதிலோரமாய் நடந்து, ஓரிடத்தில் நின்று, “இங்கதான்” என்றார்கள்.

அங்கே மெட்ரோ நிலையத்துக்கு இறங்கும் கண்ணாடிக் கூண்டு இருந்தது.

அதன் எதிரே, மதிலின் அடித்திண்டில் உட்கார்ந்தோம். அப்போது அம்மா சொன்னவற்றை இயன்றவரை அவர்கள் சொன்ன வரிசையிலேயே தருகிறோம். ஆண்கள் பிரிவில் இரவில் பெண்கள் தங்கலாகாது. ஆகவே அந்தப் பத்தொன்பது இரவும் இந்த மதிலோரம்தான் படுக்கை. ஐப்பசி மழை. ஓர் ஆயா தள்ளுவண்டியில் இட்லிக் கடை போட்டிருந்தாள். மழை வந்தால் வண்டியின் படுதாவுக்குள் அம்மாவை அழைத்துக்கொள்வாள். தட்டுக் கழுவ எட்டு வயதில் ஒரு மகள். இருபதாம் நாள் விடியற்காலையில் எல்லாம் முடிந்தது. உடலை ஊருக்குக் கொண்டுவர வண்டிக்காரன் கேட்ட தொகை கையில் இல்லை. அம்மா காதில் கிடந்த தோடுகளைக் கழற்றிப் பக்கத்துத் தெருவில் விற்றார்கள். அப்படியும் நாற்பது ரூபாய் குறைந்தது. ஆயா தன் சுருக்குப்பையை அவிழ்த்து, சில்லறையும் நோட்டுமாக எண்ணிக் கொடுத்தாள். “போய்ச் சேரு கண்ணு, அப்புறம் பாத்துக்கலாம்” என்றாள்.

“பேரக்கூடக் கேக்கல” என்றார்கள் அம்மா.

அன்பர்களே, இங்கு நாம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பா இறந்தபோது நாம் சிறு குருமடத்தில் இருந்தோம், வயது பதினைந்து. அதிபர் அடிகளார் எம்மைத் துணை சேர்த்து ஊருக்கு அனுப்பினார். வீட்டுக்குள் நுழைந்ததும் எம் கண்ணில் பட்டது அம்மாவின் வெறுங்காதுகள். கைம்பெண் ஆனதால் கழற்றிவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டோம். நாற்பத்தோர் ஆண்டும் அப்படியே எண்ணியிருந்தோம். ஊராரின் துயரங்களை இருபத்தேழு ஆண்டுகள் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து செவிமடுத்திருக்கிறோம். கைம்பெண்கள் மறுவாழ்வு பற்றி மறைமாவட்டக் கூட்டத்தில் கட்டுரையும் படித்திருக்கிறோம். எம் தாயாரிடம் ‘அந்தப் பத்தொன்பது நாள் எங்கே படுத்தீர்கள், எதைச் சாப்பிட்டீர்கள்’ என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அழுவார்கள் என்று அஞ்சினோம் என்று சொல்லலாம். அது முழு உண்மையன்று. எமக்குக் கேட்கத் தைரியம் இல்லை.

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். ஆட்டுக்குட்டி விற்ற பணம். நாலாயிரத்து இருநூறு.

“ஆயா இருக்க மாட்டா. எனக்குத் தெரியாதா? அப்பவே அவளுக்கு அம்பதுக்கு மேல. மக இருப்பால்ல?”

அருகிலிருந்த தேநீர்க் கடையில் விசாரித்தோம். கடைக்காரர் அங்கே முப்பது ஆண்டுகளாக இருக்கிறாராம். மெட்ரோவுக்குத் தோண்டியபோது நடைபாதைக் கடைகள் எல்லாம் போய்விட்டன என்றார். அதற்கும் முன்பே, கால்வாய்க்கரைக் குடிசைகளில் இருந்தவர்கள் பலரைக் கண்ணகி நகருக்கு அனுப்பிவிட்டார்கள். இட்லிக்கார ஆயாக்கள் பலர் அந்தக் குடிசைகளில்தான் இருந்தார்கள் என்றும் சொன்னார். கண்ணகி நகர் என்பது பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம், துரைப்பாக்கத்தில், 2000-ஆம் ஆண்டு முதல் அரசு கட்டித் தந்த குடியிருப்பு. அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பல்லாயிரம் வீடுகள். நகரின் நடுவே பிழைத்தவர்கள், பிழைப்பை விட்டுவிட்டு வீட்டை மட்டும் பெற்றுக்கொண்டு போன இடம் அது. பெயர் தெரியாத ஒருத்தியின் பெயர் தெரியாத மகளை அங்கே எப்படித் தேடுவது? மணியோ இரண்டு.

நாம் ஒரு குருவானவர் சொல்லக்கூடியதைச் சொன்னோம். “அம்மா, அந்த ஆயாவின் ஆன்மாவுக்காக ஒரு பூசை வைக்கிறோம். நவம்பர் மாதம் வருகிறது. பணத்தை இங்கிருக்கும் ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம்.”

“பூச நீங்க வைங்க சாமி. பணம் அவளோடது” என்றார்கள்.

மறுமொழி கூற எமக்கு இறையியல் எதுவும் அகப்படவில்லை.

திண்டில் எங்களுக்கு அடுத்து, திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண்ணொருத்தி, முப்பது வயதிருக்கும், மடியில் உறங்கும் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளிடம் திரும்பி, “சாப்புட்டியா?” என்றார்கள். அவள் பதில் சொல்வதற்குள், எங்களுக்கென்று கட்டி வந்த எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தார்கள். நானே கொடுக்கிறேன் என்று வந்த தம்பி மனைவியை ஒரு பார்வையால் நிறுத்திவிட்டார்கள். ஆனால் பணத்தைத் தொடவில்லை. அவளிடம் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு எங்கே ஒதுங்குவது, வெந்நீர் எங்கே கிடைக்கும் என்று. நாற்பத்தோர் ஆண்டுக்கு முந்திய செய்திகள்தாம், ஒன்றும் உதவியிராது. அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

எழுந்து நடக்கையில் கால் தடுமாறிற்று. நாம் தாங்கிப் பிடித்தோம். அப்போது அம்மா எம்மைச் சாமி என்று அழைக்கவில்லை. சிறு வயதில் அழைத்த வீட்டுப் பெயரைச் சொல்லி, “மெதுவாப் போடா” என்றார்கள்.

அன்றிரவே வண்டி ஏறினோம். பிள்ளைகள் மலையிலிருந்து விமானங்கள் இறங்குவதைக் கண்ட கதையைச் சொல்லிக்கொண்டே உறங்கிவிட்டார்கள். செங்கல்பட்டு தாண்டியிருக்கும். கீழ்ப்படுக்கையில் அம்மா எழுந்து உட்கார்ந்து பேரனைத் தட்டி எழுப்பினார்கள்.

“தம்பி, எழும்பூருலேருந்து கண்ணகி நகருக்கு எந்த பஸ்ஸு போவும்? போன்ல பாரு.”

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கைப்பேசியில் தேடிச் சொன்னான். சொன்னது போதாது, எழுதிக் கொடு என்றார்கள். எம் பையிலிருந்த திருப்பலிக் குறிப்பேட்டின் கடைசித் தாளைக் கிழித்து, பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தான். அம்மா அதை நான்காக மடித்து, ரூபாய் நோட்டுகளோடு சேர்த்து வைத்து, முந்தானையில் மறுபடியும் முடிந்துகொண்டு, விளக்கை அணைக்கச் சொன்னார்கள்.