தன் கண்ணையே பார்த்த ராமன்

சர் சி. வி. ராமன் திருவானைக்காவில் பிறந்தவர். 1888 நவம்பர் 7. திருச்சிப் பக்கம் இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே நோபல் பரிசுக்குத் தாவிவிடுவார்கள். எண்பதை நெருங்கிய வயதில், கண் எப்படிப் பார்க்கிறது என்று அவர் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 1968-ல் வந்தது. அதைப் பற்றி இங்கே பேச்சே கிடையாது. அதன் மையக் கருத்தை உலகம் ஏற்றுக்கொள்ளாததும் ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கென்னவோ நோபல் கதையைவிட இந்தக் கதைதான் பிடித்திருக்கிறது.

இரண்டு கதைகளிலும் கருவி ஒன்றுதான்: வண்ணக் கண்ணாடி. 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் ராமனும் வத்திராயிருப்புக்காரரான கே. எஸ். கிருஷ்ணனும் சூரிய ஒளியை லென்ஸால் குவித்து ஒரு திரவத்துக்குள் செலுத்தினார்கள். ஒளி உள்ளே போகும் வழியில் நீல ஊதாக் கண்ணாடி. பார்க்கிறவர் கண்ணுக்கு முன்னால், அந்த நீலத்தை அறவே விடாத மஞ்சள் பச்சைக் கண்ணாடி. கணக்குப்படி இருட்டுத்தான் தெரிய வேண்டும். தெரிந்ததோ மங்கலான ஓர் ஒளித்தடம். உள்ளே போன நிறம் வேறு, வெளியே வந்த நிறம் வேறு! நோபல் பெற்றுத் தந்த இந்த ராமன் விளைவை முதலில் கண்டது மனிதக் கண்தான். ஆனால் விரைவிலேயே பாதரச விளக்கும் நிறமாலைக் கருவியும் வந்தன. போட்டோத் தகட்டில் கோடுகள் விழுந்தன. அமெரிக்காவில் இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் தானும் செய்து பார்த்து, சரிதான் என்றார்.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, பெங்களூரில், அதே மாதிரிக் கண்ணாடிகளைக் கொண்டு ராமன் தன் கண்ணையே ஆராய ஆரம்பித்தார். நல்ல வெளிச்சம் விழும் வெள்ளைத் திரை. கண்ணுக்கு முன் வண்ணக் கண்ணாடி. திரையில் ஒரே இடத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைச் சட்டென்று விலக்க வேண்டும். திரையில் ஒரு வண்ணப் படம் தோன்றி, உடனே மங்கி மறையும். அது தன் விழித்திரையே பெரிதாகித் தெரியும் காட்சி என்றார் ராமன். கண்ணாடியின் நிறத்தை மாற்றினால் படமும் மாறியது. கடையில் வாங்கிய ஊதாக் கண்ணாடிப் பேப்பரை வைத்து நானும் முயன்றேன். நடுவில் ஒரு கறை போலத் தெரிந்தது. அது என்ன நிறம் என்று யோசிப்பதற்குள் போய்விட்டது. விழித்திரையின் மையத்தில் இருக்கும் மஞ்சள் நிறமியும், ஒரு நிறத்தையே பார்த்துக் கண் சலித்துப்போவதும்தான் இதற்கு இன்று சொல்லப்படும் காரணங்கள்.

ராமன் அதோடு நிற்கவில்லை. தாமஸ் யங் 1802-ல் சொல்லி ஹெல்ம்ஹோல்ட்ஸ் வளர்த்த கொள்கையையே தவறு என்றார். கண்ணில் மூன்று வகை உணர்விகள்தான் உண்டு, மற்ற நிறங்களெல்லாம் அவற்றின் கூட்டுக்கணக்கு என்பது அந்தக் கொள்கை. பூக்களின் நிறங்களில் தோய்ந்துபோயிருந்த ராமனுக்கு, மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்து கிடைக்கும் நிறம் என்பதை ஏற்கவே முடியவில்லை.

ஆனால் 1964-லேயே அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் விழித்திரையில் நிறம் உணரும் கூம்பு செல்களுக்குள் தனித்தனியாக ஒளியைச் செலுத்தி அளந்துவிட்டன. மூன்று வகைதான். சந்தேகம் இருந்தால் மொபைல் திரையில் ஒரு மஞ்சள் படத்தைப் போட்டு, அதன்மேல் பொடித் துளி தண்ணீர் வைத்துப் பாருங்கள். துளிக்குள் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் இருக்கும், மஞ்சள் இருக்காது.

நிறத்தில் கண் ஏமாறும் என்பது என் அத்தைக்கு எப்போதோ தெரியும். சின்னக்கடை வீதியில் மேட்சிங் பிளவுஸ் பிட் எடுக்கப் போனால், டியூப் லைட்டில் புடவையோடு அச்சாக ஒத்துப்போகும் துணியையும் நம்ப மாட்டார். "தம்பி, இத வாசலுக்குக் கொண்டா, வெயில்ல பாக்கணும்." வாசலில் இரண்டும் வேறு வேறாக இருக்கும். மூன்றே உணர்விகள் இருப்பதால் வருகிற ஏமாற்றம் இது: ஒளியின் கலவை வேறாக இருந்தாலும், மூன்றும் தரும் கணக்கு ஒன்றாக இருந்தால் கண்ணுக்கு ஒரே நிறம்தான்.

ராமன் எங்கே சறுக்கினார் என்பது ஆனைக்கா கோயிலுக்குள் நுழையும்போது எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. வெயிலிலிருந்து உள்ளே வந்தால் முதலில் ஒன்றும் தெரியாது. மெல்ல மெல்லத் தூண் தெரியும், பிறகு தூணில் சிற்பம். ஒன்பது துவாரம் உள்ள கல் சாளரம் வழியாக ஜம்புகேஸ்வரரைப் பார்ப்பதற்குள் கண் வேறு கண்ணாகிவிடுகிறது. மங்கிய மூலையில் செவ்வரளி கறுத்துத் தெரியும். இந்த மாற்றத்தை யாரும் உணரலாம். ஆனால் வெளிச்சத்துக்குக் கூம்பு செல், இருட்டுக்குக் குச்சி செல் என்று இரண்டு வகை இருப்பதை எவ்வளவு கூர்ந்து உணர்ந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு 1866-ல் மாக்ஸ் ஷுல்ட்ஸ என்ற ஜெர்மானியர் பகலில் திரியும் உயிர்களின் விழித்திரையையும் இரவில் திரியும் உயிர்களின் விழித்திரையையும் நுண்ணோக்கியில் ஒப்பிட வேண்டியிருந்தது.

1928-ல் கண்ணுக்குத் துணையாக ஒரு போட்டோத் தகடு இருந்தது. 1960-களில் ராமன் தன் கண்ணை மட்டுமே நம்பினார். பார்த்ததில் அவர் பொய் சொல்லவில்லை. பார்த்ததற்குச் சொன்ன காரணம்தான் நிற்கவில்லை. அந்த வயதில், நோபல் வாங்கிய பிறகு, வெள்ளைத் திரைக்கு முன் வண்ணக் கண்ணாடியோடு உட்கார எத்தனை பேருக்கு மனம் வரும்?

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளில் நம் பள்ளிகளில் ராமன் படத்துக்கு மாலை போட்டுப் பேச்சுப் போட்டி நடத்துகிறார்கள். திருச்சி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாலைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடுங்கள். கலர் கண்ணாடிப் பேப்பர், வெள்ளைத் தாள், ஒரு மொபைல், ஒரு டம்ளர் தண்ணீர் போதும். சூரியனைப் பார்க்கக் கூடாது என்று மட்டும் கண்டித்துச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் பார்க்கட்டும், ராமன் எங்கே தோற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.