குளிரும் ஒரு காவல்

இலங்கையிலேயே மிக உயரத்தில் உள்ள புகையிரத நிலையம் எங்கள் பட்டிப்பொலயில்தான் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1891 மீற்றர். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சுபஹுத் தொழுகைக்கு வுழூச் செய்யும்போது விரல்கள் மரத்துப்போகும். அம்பேவெல புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். சில வருடங்களில் அது தேயிலைக் கொழுந்தையும் கருக்கிவிடும். ஆகவே குளிரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்பவர்கள் எங்கள் ஊரில் குறைவு.

நாவலப்பிட்டியில் இருக்கும் மாமி வீட்டுக்குப் போயிருந்தபோது, கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் முறிந்த தேயிலைக் கிளையொன்றைப் பிளந்து காட்டினார். உள்ளே சுரங்கம், அதில் கடுகளவு கறுத்த வண்டு. கொழுந்து பறிக்கச் சற்றுச் சாய்ந்தாலே கிளை ஒடிந்துவிடும் என்றார். தண்டு துளைக்கும் இந்த வண்டு, இலங்கைத் தேயிலையில் முதன்முதலாக 1892ஆம் ஆண்டு, அதே நாவலப்பிட்டிப் பகுதியின் கிரெய்க்ஹெட் தோட்டத்தில்தான் கண்டறியப்பட்டதாம்.

அது மரத்தைத் தின்பதில்லை. பெண் வண்டு தான் சுமந்து வரும் பங்கசைச் சுரங்கத்துக்குள் வளர்க்கிறது. குடம்பிகளுக்கு அதுவே உணவு. பூச்சியின் உடல் வெப்பம் சூழலைப் பொறுத்தது. குளிரில் முட்டை முதல் வண்டாகும் வரையான வளர்ச்சி மந்தமாகும். ஒரு வருடத்தில் உருவாகும் தலைமுறைகளும் குறையும். அதனால்தான் இதன் சேதம் நடுத்தர உயரத் தோட்டங்களில் அதிகம். எங்கள் உயரத்தில் அது பெரிய தொல்லையாக இருந்ததில்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பைன் மரங்களைத் தாக்கும் மலை வண்டின் குடம்பிகளை, பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் வரை இறங்கும் குளிர் கொன்றுவந்தது. 1990களின் பின் மாரிகாலம் மென்மையானபோது வண்டு பெருகி, மில்லியன் கணக்கான ஹெக்டயர் காடு காய்ந்துபோனது. எங்கள் குளிர் அவ்வளவு கடுமையானதல்ல. அது வண்டைக் கொல்வதை விட அதன் வேகத்தையே அடக்குகிறது. மலை சூடாகினால் அந்த அடக்கமும் தளரும்.

வாப்பாவின் கடையில் கடன் கொப்பி நிறையத் தோட்டத்து மக்களின் பெயர்களே. கொழுந்து குறைந்த மாதத்தில் அவர்கள் வீட்டில் மாவு குறையும், எங்கள் கல்லாவும் வெறுமையாகும். அல்லாஹ் எதையும் வீணாகப் படைக்கவில்லை என்று உம்மா சொல்வது இப்போது எனக்குக் குளிரையும் சேர்த்தே விளங்குகிறது.

தோட்டத்திலிருந்து வரும் தோழியரே, கவ்வாத்து வெட்டும் காலத்தில் வெட்டிய கிளைகளைப் பாருங்கள். குண்டூசித் தலையளவு துளை தெரிந்தால் உடனே வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள்.